புளியம்பட்டிக்குக் கூட்டிப்போவது

மனநோய்க்குத் திருநெல்வேலிச் சீமையில் பழைய பெயர் கோட்டி. செல்லமாகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும், கோபத்தில் பங்காளியை வையவும், உண்மையிலேயே புத்தி பேதலித்தவரைச் சுட்டவும் அந்த ஒரே சொல்தான். முதல் இரண்டு இடத்திலும் அது காற்றோடு போய்விடும். மூன்றாவது இடத்தில் ஒட்டிக்கொண்டால், நோயாளியோடு நிற்காமல் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிறக்கப்போகும் பிள்ளைவரைக்கும் நீளும். அதனாலேயே கயத்தாறு, கடம்பூர், மணியாச்சி வட்டாரக் கரிசல் ஊர்களில் ஒருவர் தனக்குத் தானே பேசத் தொடங்கினால், உறங்காமல் தெருத்தெருவாக நடந்தால், வீட்டார் கோட்டி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கயத்தாறுக்குக் கிழக்கே, மணியாச்சி ரயில் சந்திப்புப் பக்கம் உள்ள புளியம்பட்டிக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே புனித அந்தோணியார் கோயில் இருக்கிறது.

நூற்றாண்டுகள் கடந்த இந்த வழக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் அதன் பாதிதான் தெரியும். பேய் வெளியிலிருந்து வருவது. அதற்கு நோயாளியும் பொறுப்பில்லை, குடும்பமும் பொறுப்பில்லை. விரட்டினால் போய்விடும், போனபின் ஆள் பழைய ஆள். கோட்டி அப்படியில்லை. ரத்தத்தில் இருப்பதாகவும், தலைமுறை தாண்டி வருவதாகவும் கருதப்பட்டது. எனவே நோய்க்குப் பேய் என்று பெயர் வைப்பது, அவப்பெயரிலிருந்து குடும்பம் தப்புவதற்கான வழியாகவும் இருந்தது. சம்பந்தம் பேச வருகிறவரிடம் மூத்தவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம் என்று சொல்ல முடியாது. புளியம்பட்டியில் ஒரு மாதம் கிடந்தோம் என்று சொல்லலாம். ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு நேர்ச்சைக்காக அங்கே கிடந்தவர்கள்தானே.

பித்து என்ற சொல்லுக்குத் தமிழில் இழிவு மட்டும் இருந்ததில்லை. சுந்தரர் தம் முதல் பதிகத்தில் சிவனைப் பித்தன் என்றே விளித்தார். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சூஃபி ஞானி சுல்தான் அப்துல் காதிர், இறைபோதையில் திளைப்பவர் என்ற பொருளில் குணங்குடி மஸ்தான் ஆனார். சித்த மருத்துவமோ மனநோயை உடம்போடு சேர்த்தே பார்த்தது. கிரிகை என்று பெயரிட்டு, அகத்தியர் பெயரால் வழங்கும் நூலில் 18 வகையாகப் பிரித்து, பித்தம் மிகுவதையும் குறைவதையும் காரணம் காட்டி, நசியமும் தலைக்கு எண்ணெயும் கஷாயமும் விதித்தது. ஆனால் இறைவனின் பித்துக்குக் கிடைத்த மரியாதை, கடனும் பயிரும் பார்க்க வேண்டிய சம்சாரிக்குக் கிடைக்கவில்லை. அவர் வேலைக்குப் போகாவிட்டால் அது பித்து இல்லை, பாரம்.

திருநெல்வேலிச் சீமையில் ஆவிகளுக்குப் பஞ்சமில்லை. கொலையுண்டவர், தூக்கில் தொங்கியவர், பிள்ளைப்பேற்றில் இறந்தவள் என்று ஆயுள் முடியாமல் போனவர்கள் வாதையாக அலைவார்கள். பீடம் போட்டு, ஆண்டுக்கொரு கொடை கொடுத்தால் காவல் தெய்வமாவார்கள். சுடலைமாடன் கொடையிலும் இசக்கியம்மன் கொடையிலும் கோமரத்தாடி சாமி வந்து ஆடும்போது ஊரே கும்பிடும். அதே உடம்பு, அதே நடுக்கம், அதே குரல் மாற்றம் கொடை இல்லாத நாளில் வீட்டு முற்றத்தில் வந்தால் பேய். 1841 இல் இடையன்குடிக்கு வந்த பாதிரியார் கால்டுவெல் இந்த ஆட்டங்களைப் பேய் வழிபாடு என்று விரிவாக எழுதினார். பாதிரியார் கண்ணுக்கு அது அஞ்ஞானமாகத் தெரிந்தது. எந்த ஆட்டம் சாமி, எந்த ஆட்டம் பேய், எது கோட்டி என்று பிரிக்க ஊர் வைத்திருந்த நுட்பமான அளவுகோல் அவர் கண்ணில் பெரிதாகப் படவில்லை.

கடற்கரையில் கதை வேறுவிதமாகத் திரும்பியது. முத்துக் குளித்துறையின் பரதவர்கள் 1535-37 ஆண்டுகளில் போர்ச்சுகீசியர் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கரானார்கள். 1542 இல் சவேரியார் வந்தார். மதம் மாறினாலும் கடலின் ஆபத்து மாறவில்லை. முத்துக் குளிக்கும் பருவத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டிகள் கரையில் நின்றார்கள். 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. கடல்கட்டி இல்லாமல் குளியாளி தண்ணீரில் இறங்கமாட்டார் என்பது கலெக்டருக்கும் தெரியும். கட்டு, விடுவிப்பு, காவல் என்ற அந்த மொழியிலேயே புதிய புனிதர்களும் புரிந்துகொள்ளப்பட்டார்கள். யாகப்பர் குதிரையேறிப் போரிட்டார், மிக்கேல் சம்மனசு சாத்தானை மிதித்தார், பேய்க்கு அந்தோணியார் என்றானது.

பதுவை அந்தோணியார் 1231 ஜூன் 13 இல் இத்தாலியில் இறந்தவர். மறுசெவ்வாயன்று அடக்கமானதால் செவ்வாய் அவருக்குரிய நாள். ஐரோப்பாவில் அவரிடம் மக்கள் முதன்மையாகக் கேட்பது தொலைந்த பொருளை. தென்தமிழகத்தில் அவரிடம் தொலைந்த புத்தியைக் கேட்கிறார்கள். தெற்கே உவரிக் கரையில் அவர் சுரூபம் வந்த கதையிலேயே நோய் இருக்கிறது: கடலில் போன போர்ச்சுகீசியக் கப்பலில் காலரா பரவ, தச்சர் ஒருவர் மரத்தில் அந்தோணியாரைச் செதுக்க, நோய் தணிந்தது என்றும், கரையிறங்கிய சுரூபம் உவரியில் நிலைத்தது என்றும் சொல்வார்கள். கடலிலிருந்து உள்நாட்டுக்கு நகர்ந்த அந்த பக்தியின் கரிசல்காட்டுத் தலைநகரம் புளியம்பட்டி. தென்னகத்தின் பதுவை என்று அதற்குப் பெயர். சனவரி, பிப்ரவரியை ஒட்டிவரும் 13 நாள் திருவிழாவுக்கு மாட்டுவண்டியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வேனில் வருகிறார்கள். மொட்டை, ஆட்டுக்கறி அசனம், உப்பு, மெழுகுவத்தி எல்லாம் உண்டு. கத்தோலிக்கர் மட்டுமின்றி இந்துக்களும் இஸ்லாமியரும் வருவார்கள்.

பேயோட்ட அங்கே யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு யாரும் பேயோட்டும் சடங்கை நடத்தக்கூடாது. எனவே புளியம்பட்டியில் பூசாரியும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. புனிதரே நேரடியாக விசாரிக்கிறார். நோயாளி கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடுவார், தலைவிரித்து ஆடுவார், தன்னைப் பிடித்திருப்பது யார், எங்கே பிடித்தது, எப்போது போகும் என்பதைத் தன் வாயாலேயே சொல்வார். பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா இந்தக் கோயிலில் நீண்டகாலம் தங்கி ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அந்தச் சுற்றுகள் இடம்பெற்றிருக்கின்றன. வீட்டில் மாமியாரிடமும் கணவரிடமும் வாய் திறக்க முடியாத பெண், பேயின் வாயால் எல்லாவற்றையும் பேசிவிடலாம். சொன்னது பேய் என்பதால் யாரும் அவளைத் திருப்பிக் கேட்க முடியாது. இப்படிப்பட்ட துயரத்துக்கு அந்த ஆட்டம் சிலநேரம் மருந்தாகவே அமைந்தது. ஆனால் மூளையின் வேதியியலோடு தொடர்புடைய மனச்சிதைவும் இருதுருவ நோயும் ஆடித் தீர்வதில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள். ஓடிப்போகாமலும் யாரையும் அடிக்காமலும் இருக்க அவர்கள் காலில் சங்கிலி விழுந்தது. அதைப் போட்டது பெரும்பாலும் பெற்ற தாய் தகப்பன்தான். பகலில் கூலி வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு வேறு காவல் ஏது?

இதற்கு மாற்றாக அரசாங்கம் வைத்திருந்த இடம் 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1794 இல் வாலண்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் 16 பேருடன் ஒரு தனியார் காப்பகத்தைத் தொடங்கினார். 1871 இல் கீழ்ப்பாக்கத்துத் தோட்டமொன்றில் அரசுப் புகலிடம் திறக்கப்பட்டது. ஐந்தாண்டில், 1876 இல், மணியாச்சி வழியே தூத்துக்குடி ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆனாலும் அந்தப் பயணம் வீட்டாரின் விருப்பத்தால் நடப்பது அரிது. 1858 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெருவில் அலையும் மனநோயாளியைப் பிடிப்பது போலீஸ், அனுப்பி வைப்பது மாஜிஸ்திரேட். 1912 ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியைத்தான் வைத்திருந்தது. திருடனைக் கொண்டுபோகிற வண்டியிலேயே நோயாளியையும் கொண்டுபோவதை ஊர் பார்த்தது. கோட்டி என்ற சொல்லில் அதுவரை குற்றம் இல்லை. போலீஸ்காரர் வந்ததோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

அவப்பெயரைக் களைய முதலில் கையாளப்பட்ட வழி பெயர் மாற்றம். 1922 இல் சென்னைப் புகலிடத்தின் பழைய பெயர் போய் மெண்டல் ஹாஸ்பிடல் ஆனது. அடுத்த தலைமுறைக்குள் தமிழ்த் தெருக்களில் மெண்டல் என்பதே வசைச்சொல் ஆகிவிட்டது. பின்னால் வந்த லூசு அதன் தம்பி. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரும் தப்பவில்லை. தமிழ் சினிமா நகைச்சுவை அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. 1978 இல் அந்த மருத்துவமனை மனநலக் கழகமாக மறுபடி பெயர் மாறியது. சுவருக்குள் நடப்பது மாறினால் ஒழியப் பெயர்ப்பலகையால் ஆவது கொஞ்சம்தான். அதை மாற்ற முயன்றவர்களில் முதன்மையானவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் அவர், 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தார். 1950களில் குளோர்புரோமசின் போன்ற மாத்திரைகள் வந்திருந்ததால், நோயாளி குணமாகி வீடு திரும்புவது அப்போது நடக்கக்கூடிய காரியமாகியிருந்தது. கூப்பிட்டுப்போக வீட்டார் வராததுதான் சிக்கல். 1984 இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மருந்துக்கு அப்பால் மறுவாழ்வு, வேலை, குடும்பத்துக்கு ஆலோசனை என்று போனதற்கு அந்த அனுபவமே காரணம். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு உறவினர் ஒருவர் கட்டாயம் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். மேலைநாட்டுக்குப் புதுமையாக இருந்த அந்த ஏற்பாடு, புளியம்பட்டிக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்வந்தவருக்குத் தெரிந்த வழக்கம்தான்.

முத்துக் குளித்துறையைப் போலவே ஏர்வாடியும் மன்னார் வளைகுடாக் கரைதான். கீழக்கரையை அடுத்த ஊர். மதீனாவிலிருந்து வந்து போரில் மாண்டதாகச் சொல்லப்படும் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் பாதுஷா அங்கே அடங்கியிருக்கிறார். அவருடைய தர்காவுக்குக் கூட்டிவந்த நோயாளி குணமாகிவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவு கனவில் வரவேண்டும். அதுவரை காத்திருப்பது வழக்கம். உத்தரவு ஆண்டுக்கணக்கில் வராமலும் இருக்கும். புளியம்பட்டியில் கூடவே தங்கிய குடும்பம், ஏர்வாடியில் மெல்ல விலகிக்கொள்ள ஒரு வழி பிறந்தது: தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும். தர்காவின் பெயரால் ஓடிய ஒரு கொட்டகைத் தொழிலாக அது மாறியது. 1999 இல் வெளிவந்த பாலாவின் சேது படத்தில், சங்கிலி மாட்டிய மனிதர்கள் நிறைந்த மடம் ஒன்றைத் தமிழ்நாடு முழுக்கத் திரையில் பார்த்தது. நாயகனுக்காகக் கண்ணீர் விட்டது. பக்கத்தில் கட்டப்பட்டுக் கிடந்தவர்கள் யார் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் காலில் சங்கிலியோடு படுத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. 1987 இல் இயற்றப்பட்டு 1993 இல் நடைமுறைக்கு வந்திருந்த மனநலச் சட்டம், உரிமம் இல்லாமல் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. தீ எரிந்த பிறகுதான் அதைப் பலர் புரட்டிப் பார்த்தார்கள். அதிகாரிகள் மற்ற வழிபாட்டுத் தலங்களையும் நோக்கித் திரும்பினார்கள். திருச்சிக்கு மேற்கே குணசீலத்தில், பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்கும் பழைய வழக்கம் உண்டு. அங்கே உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் கோயிலோடு சேர்ந்தே அமைந்தது. உச்சிகால பூஜைத் தீர்த்தமும் மனநல மருத்துவரின் மாத்திரையும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. ஏர்வாடியிலேயே பின்னர், துவாவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கும்படி தர்காவையொட்டி அரசு மனநல மருத்துவ வசதி ஏற்பட்டது.

தீவிபத்துக்கு முந்தைய ஆண்டிலேயே நடந்த ஓர் ஆய்வு, கோயில்களை ஒரேயடியாக மூடுவது தீர்வாகாது என்று நினைக்க வைத்தது. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ரகுராம் தலைமையிலான குழு, திண்டுக்கல் மாவட்டத்தின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பார்த்தது. பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஏறத்தாழ 6 வாரம் தங்கினார்கள்; மருந்து இல்லை, விசேஷச் சடங்கும் இல்லை; கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள், வீட்டார் கூட இருந்தார்கள். போகும்போது நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனால் யாரும் விரல்நீட்டாத, வையாத, விரட்டாத ஓர் இடத்தில் இருப்பதே ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதை அது காட்டியது. சங்கிலியும் கவனிப்பும் ஒரே கோயில் வாசலில் இருந்துவந்தன; இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அதைச் சட்டத்தில் எழுதியது 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 95 ஆம் பிரிவு, எந்த வகையிலும் எந்த வடிவிலும் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது; மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதும் அதே பிரிவில் தடையாகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது 115 ஆம் பிரிவு. 1858 இல் வந்த போலீஸ்காரர் ஏறத்தாழ 160 ஆண்டு கழித்து அந்த இடத்திலிருந்து ஓரளவு விலகினார்.

கல்யாணத்தில் மட்டும் அவப்பெயர் விலகவில்லை. 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பைத்தியத்தையும் வலிப்பையும் திருமணத் தகுதிக் குறைவில் சேர்த்து வைத்திருந்தது. 1999 இல் வலிப்பு நீக்கப்பட்டது. மனநோய் இன்னும் இருக்கிறது. குறிப்பிட்ட நிலைகளில் விவாகரத்துக்கும் அது காரணம். அதனால் மகளுக்குக் கொடுக்கும் மாத்திரையை நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. மருந்து நின்றதும் நோய் திரும்பும், கல்யாணம் முறியும். 2000 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் தாராவும் சீனிவாசனும் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர்களிடம் கேட்டபோது, அதிகம் வாட்டும் கவலைகளாகக் கல்யாணமும், அண்டை அயலார் ஒதுக்குவார்களோ என்ற பயமும், நோயை மறைக்க வேண்டிய கட்டாயமுமே முன்னுக்கு வந்தன. பெண் நோயாளிகளின் வீட்டார் மேல் அந்தச் சுமை இன்னும் கூடுதல்.

மறைப்பதால் சிகிச்சை தள்ளிப்போகிறது என்பதற்கு 2015-16 தேசிய மனநல ஆய்வு ஓர் அளவு கொடுத்தது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம்வரை சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை. பெயரின் கனம் வேறு நாடுகளிலும் இப்படித்தான். ஜப்பானிய மொழியில் மனச்சிதைவுக்கு இருந்த பெயரும் மனம் பிளந்த நோய் என்றே பொருள் தந்தது. நோயாளியிடம் அதைச் சொல்ல மருத்துவர்களே தயங்கினார்கள். 2002 இல் அங்கே பெயரை மாற்றினார்கள். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான நோயாளிகளுக்கே நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அது பத்தில் ஏழானது. தமிழில் மனச்சிதைவு என்ற சொல் அப்படியே நிற்கிறது. சிதைந்தது திரும்பக் கூடுமா என்று கேட்கும் தாய்க்கு, மருத்துவர் முதலில் அந்தச் சொல்லைத்தான் விளக்கித் தீர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1990களின் பின்பாதியில் திருச்சியில் தொடங்கிப் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. மாத்திரை வாங்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பஸ் ஏறினால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று அஞ்சுகிற வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு அந்த எண் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் புளியம்பட்டிக் கோயில் மண்டபம் இன்றும் நிறைகிறது; கும்பிட வருகிறவர்களில் சிலரின் பைக்குள் மெழுகுவத்தியோடு மாத்திரை அட்டையும் இருக்கிறது.